ஊறுகாயா, விதைகளா? சத்துக் கணக்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாங்காய், எலுமிச்சை, நெல்லிக்காய், மாவடு என்று ஒரு பக்கம். எள், வேர்க்கடலை, பூசணி விதை, சூரியகாந்தி விதை, ஆளி விதை என்று இன்னொரு பக்கம். இரண்டுமே நம் சமையலறை அலமாரியில் பாட்டில்களில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. இவற்றில் எது உடம்புக்கு நல்லது, எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உடம்பில் ஏற்கெனவே ஏதாவது நோய் இருந்து மருந்து சாப்பிடுகிறவர்கள், அதற்கான கேள்விகளைத் தவறாமல் படித்துவிடுங்கள்.

ஒரே வரியில் சொல்லுங்கள், எதில் சத்து அதிகம்?

விதைகளில்தான். சந்தேகமே வேண்டாம்.

ஒரு செடி முளைத்து, வேர்விட்டு, தன் இலையில் தானே சமைத்துக்கொள்ளும் வரைக்கும் தேவையான கொழுப்பும் புரதமும் தாது உப்புகளும் விதைக்குள் அடைந்திருக்கின்றன. காய் அப்படியில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர். அதை உப்பில் ஊறப்போட்டால் தண்ணீரில் ஒரு பங்கு வெளியேறும், உப்பு உள்ளே போகும். புதிதாகப் புரதமோ கால்சியமோ வந்து சேராது.

எண்ணிக்கையில் பார்ப்போம். உப்புநீரில் போட்ட வெள்ளரிக்காய் 100 கிராம் எடுத்தால் சுமார் 12 கலோரி, அரை கிராம் அளவுக்குப் புரதம், 800 மில்லிகிராம் சோடியம். தோல் நீக்காத எள் 100 கிராமில் சுமார் 570 கலோரி, 17 முதல் 18 கிராம் புரதம், 12 கிராம் நார்ச்சத்து, 975 மி.கி. கால்சியம், 14 மி.கி. இரும்பு. சோடியம் வெறும் 11 மி.கி.

அப்படியென்றால் பேச்சு முடிந்ததே. இன்னும் ஏன் இத்தனை கேள்விகள்?

ஏனென்றால் ஊறுகாயை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை, எள்ளையும் சாப்பிடுவதில்லை. சத்துப் பட்டியல்கள் எல்லாம் 100 கிராமுக்குப் போடப்படுகின்றன. ஒரு உணவை இன்னொன்றோடு ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட அது வசதி. சாப்பாட்டுத் தட்டில் ஒப்பிட அது உதவாது. எள்ளில் 975 மி.கி. கால்சியம் என்று படித்துவிட்டு, இட்லிப் பொடியில் கால் ஸ்பூன் எள் சேர்த்ததோடு எலும்பு பலமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஊறுகாயில் சோடியம் எக்கச்சக்கம் என்று படித்துவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை தயிர்சாதத்துக்கு ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொள்ளவும் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே ஸ்பூன் கணக்கைப் பார்க்காததால் வருவது.

ஒரு மேசைக்கரண்டி எள் சுமார் 9 கிராம். அதில் 52 கலோரி, ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் புரதம், 88 மி.கி. கால்சியம், 1.3 மி.கி. இரும்பு. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், தோலுரித்த பூசணி விதையில் 9 கிராம் புரதம், 150 மி.கி.க்கு மேல் மக்னீசியம், 2 மி.கி.க்கு மேல் துத்தநாகம். ஒரு மேசைக்கரண்டி மாங்காய் ஊறுகாயில் சொல்லிக்கொள்ளும்படி இருப்பது சோடியமும் எண்ணெயும்தான்.

ஆகவே என் பதில்: ஊறுகாயை ருசிக்காகச் சாப்பிடுங்கள், சத்துக்காக விதையைச் சாப்பிடுங்கள். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்காதீர்கள்.

ஒரு ஸ்பூன் ஊறுகாயில் நிஜமாக எவ்வளவு உப்பு இருக்கும்?

வீட்டில் போடும் ஆவக்காயையே எடுத்துக் கணக்குப் போடலாம். மாங்காய்த் துண்டுகள் 1 கிலோ, கல்லுப்பு 200 கிராம், மிளகாய்த்தூள் 150, கடுகுத்தூள் 150, வெந்தயம் 25, நல்லெண்ணெய் 400 கிராம். எல்லாம் சேர்த்தால் ஜாடியில் ஏறக்குறைய 1,925 கிராம். அதில் உப்பு 200. பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு மேசைக்கரண்டி, 15 கிராம் ஊறுகாயில் ஒன்றரை கிராம் உப்பு வருகிறது. உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம் என்பதால், 600 மி.கி. சோடியம்.

ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாக, அதாவது 2,000 மி.கி. சோடியத்துக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு ஸ்பூன் ஊறுகாயிலேயே அதில் முப்பது சதவீதம் தீர்ந்துவிடுகிறது. சாம்பார், ரசம், பொரியல், அப்பளம், மோர் இவற்றில் போட்ட உப்பு இன்னும் கணக்கில் வரவே இல்லை. ஒரு சின்னத் தேக்கரண்டி, 5 கிராம் என்றால் அரை கிராம் உப்பு. அது சமாளிக்கக்கூடிய அளவு. வித்தியாசம் ஊறுகாயின் தரத்தில் இல்லை, ஸ்பூனின் அளவில் இருக்கிறது.

உப்பிட்டு வெயிலில் காயவைத்த நார்த்தங்காய், மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல் இவற்றில் தண்ணீர் போய்விடுவதால் உப்பின் விகிதம் இன்னும் கூடும். இவற்றை ஊறுகாய் என்று பலரும் நினைப்பதில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னதும் ஊறுகாயை நிறுத்திவிட்டு மோர் மிளகாய்க்கு மாறிவிடுகிறார்கள்.

கடையில் வாங்குவதாக இருந்தால் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 400 மி.கி. சோடியம் என்றால் 1 கிராம் உப்பு.

நெல்லிக்காய், எலுமிச்சை ஊறுகாயில் வைட்டமின் சி இருக்குமா?

காயாக இருந்தபோது நெல்லிக்காயில் நிறையவே இருந்தது. 100 கிராமுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம். ஆனால் வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும், காற்றுப்பட்டாலும் குறையும். வேகவைத்து, எண்ணெயில் வதக்கி, வெயிலில் வைத்து, மாதக்கணக்கில் ஜாடியில் கிடக்கும் ஊறுகாயில் எவ்வளவு மிஞ்சும் என்பது செய்முறையைப் பொறுத்தது. நெல்லிக்காயில் தொடக்க அளவு அதிகம் என்பதாலும், அதிலுள்ள புளிப்பு ஓரளவு காப்பதாலும் கொஞ்சம் மிஞ்சும். எலுமிச்சையில் தொடக்கமே குறைவு. பழைய எலுமிச்சை ஊறுகாயை வைட்டமின் சி-க்காகச் சாப்பிடுகிறேன் என்பது வீண் நம்பிக்கை.

சூடுபடுத்தாமல் புளிக்கவைத்த காய்களின் கதை வேறு. ஜெர்மானியர்கள் முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, இரண்டு இரண்டரை சதவீத உப்பில் அமுக்கி வைத்துச் செய்யும் சவர்க்ராட்டில் 100 கிராமுக்கு 15 மி.கி. அளவில் வைட்டமின் சி நிற்கிறது. 1768-இல் கிளம்பிய ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பலில், மாலுமிகளுக்கு ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வராமலிருக்க இதைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிச் சென்றார்கள். மாதக்கணக்கில் பச்சைக் காய்கறியே கிடைக்காத கடல் பயணத்தில் 15 மி.கி. என்பது பெரிய விஷயம். தெருமுனையில் கொய்யாவும் நெல்லிக்காயும் விற்கும் ஊரில் இருக்கும் நமக்கு அந்த அவசியம் இல்லை.

விதைகளில் வைட்டமின் சி அநேகமாகக் கிடையாது. இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஊறுகாய் புரோபயாடிக் உணவு என்கிறார்களே?

குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா உள்ள உணவைத்தான் புரோபயாடிக் என்கிறார்கள். சில ஊறுகாய்கள் மட்டும் அப்படி.

காயை அளவான உப்புநீரில் மூழ்கவைத்தால், காயின் தோலில் ஏற்கெனவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பாக மாற்றும். கொரியாவின் கிம்ச்சி, ஜெர்மனியின் சவர்க்ராட் எல்லாம் இந்த வகை. நம் ஊரில் மாவடு இதற்கு ஓரளவு பக்கத்தில் வருகிறது. ஆனால் அதில் உப்பு அதிகம். உப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் இந்த நல்ல பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை சுருண்டுவிடும். ஆவக்காய், தொக்கு, வதக்கிய பூண்டு ஊறுகாய் இவையெல்லாம் உப்பும் எண்ணெயும் புளிப்பும் சூடும் சேர்ந்து கெடாமல் நிற்பவை. அவற்றில் உயிருள்ள பாக்டீரியா கூட்டத்தை எதிர்பார்க்க முடியாது. வினிகர் ஊற்றியவை, பாட்டிலில் அடைத்துச் சூடுபடுத்தியவை, சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்தும் பொருள் சேர்த்தவை இவற்றுக்கும் இதே பதில்தான்.

குடலுக்கு நல்ல பாக்டீரியா வேண்டும் என்றால் நம் வீட்டில் தயிர் இருக்கிறது. அதில் உப்பும் இல்லை.

எள்ளில் பாலைவிடப் பத்து மடங்கு கால்சியம் என்பது உண்மையா?

100 கிராமுக்கு 100 கிராம் என்று வைத்தால் ஏறத்தாழ உண்மை. பாலில் 100 மில்லிக்கு சுமார் 120 மி.கி.; முழு எள்ளில் 975 மி.கி., சில ரகங்களில் அதற்கும் மேல். ஆனால் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தோல். எள்ளின் கால்சியத்தில் பெரும்பங்கு அதன் தோலில் இருக்கிறது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் 100 கிராமுக்கு 60 மி.கி. அளவுக்குத்தான் இருக்கும். பன் மேலே தூவியிருக்கும் பளபளப்பான எள்ளும், தோலுரித்த எள்ளை அரைத்துச் செய்யும் தஹினியும் இந்தக் கணக்கில் வரும். நிறம் வெள்ளையாக இருப்பதாலேயே தோல் நீக்கியது என்று அர்த்தமில்லை. இயற்கையிலேயே வெள்ளைத் தோல் கொண்ட ரகம் உண்டு. கையில் எடுத்துப் பாருங்கள். தோல் உள்ளது மங்கலாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். நீக்கியது வழவழப்பாக, பால் வெள்ளையாக இருக்கும்.

இரண்டாவது, அந்தத் தோலிலேயே ஆக்சலேட்டும் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், பாலிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் விகிதத்தைவிட எள்ளிலிருந்து எடுத்துக்கொள்வது குறைவு.

மூன்றாவது, பழைய ஸ்பூன் கணக்கு. ஒரு டம்ளர் பால் 200 மில்லி என்றால் 240 மி.கி. கால்சியம். ஒரு மேசைக்கரண்டி முழு எள்ளில் 88 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மி.கி. வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. எள் அதில் ஒரு பங்காக இருக்கட்டும். கூடவே கேழ்வரகு, கீரை, தயிர், மீன் என்று மற்றதும் வேண்டும்.

இரும்புச்சத்துக்கு எள், பூசணி விதை போதுமா?

உதவும், போதாது. வயதுக்கு வந்த பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மி.கி. இரும்பு வேண்டும் என்பது அதே 2020 பரிந்துரை. ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 1.3 மி.கி. தவிர, விதைகளில் ஃபைட்டிக் அமிலம் உண்டு. அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாமல் செய்யும்.

இங்கேதான் புளிப்புக்கு வேலை வருகிறது. வைட்டமின் சி சேர்ந்தால் தாவர உணவின் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். அதற்கு ஊறுகாயைத் தேட வேண்டாம். எள்ளு சாதத்தில் அடுப்பை அணைத்தபின் பாதி எலுமிச்சம்பழம் பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு பச்சை நெல்லிக்காய் கடியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். டீயிலுள்ள டானின் இரும்பை வீணாக்கிவிடும். ரத்தசோகை என்று பரிசோதனையில் வந்திருந்தால் எள்ளுருண்டையை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

புரதத்தில் விதைகள் பருப்புக்கு ஈடா?

எண்ணிக்கையில் ஈடுதான். பூசணி விதையில் 100 கிராமுக்கு 30 கிராம், வேர்க்கடலையில் 25 முதல் 26, சூரியகாந்தி விதையில் 20 முதல் 21, எள்ளில் 17 முதல் 18. (வேர்க்கடலை தாவரவியலில் பருப்பு வகை. சாப்பிடும் விதத்தையும் கொழுப்பையும் வைத்து இங்கே சேர்த்திருக்கிறேன்.) ஆனால் எள்ளில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, மெத்தியோனின் அதிகம். பருப்புகளில் இது தலைகீழ். உளுந்தும் எள்ளும் சேர்த்து அரைக்கும் இட்லிப் பொடி, பருப்புச் சாம்பாரோடு எள்ளுத் துவையல் போன்ற சேர்மானங்கள் ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புகின்றன. அமினோ அமிலம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் நம் சமையலில் வந்து சேர்ந்த சேர்மானம் இது. இதை விட்டுவிட்டு புரதப் பவுடர் டப்பாவுக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பலாக்கொட்டையை விதை என்று எண்ணி இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதில் கொழுப்பு மிகக் குறைவு, மாவுச்சத்து அதிகம். சத்துக் கணக்கில் அது கிழங்குக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஆளி விதை, சியா விதை இவற்றை வாங்கியே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆளி விதையில் 100 கிராமுக்கு 22 கிராமுக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பும் 27 கிராம் நார்ச்சத்தும் இருப்பது உண்மை. சியாவில் நார்ச்சத்து 34 கிராம். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இரண்டுமே நல்ல துணை. ஆனால் மீனில் உள்ள ஒமேகா-3 வேறு வகை. தாவர வகையை உடம்பு அதுவாக மாற்றிக்கொள்வது மிகக் குறைந்த அளவில்தான். மத்தி மீன் சாப்பிடுகிறவர் சியாவைத் தேடி அலைய வேண்டாம். சைவ உணவுக்காரர்களுக்கு ஆளி விதை பயனுள்ளது. விலையும் சியாவைவிடக் குறைவு.

வாங்கினால் இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். ஆளி விதையைப் பொடித்துச் சாப்பிட வேண்டும். முழுதாக விழுங்கினால் அதன் தோல் கரையாமல் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். சியாவை ஊறவைத்துத்தான் சாப்பிட வேண்டும். வறண்ட சியாவை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் அது தொண்டைக்குக் கீழே ஊதி அடைத்துக்கொள்ளக்கூடும். சப்ஜா விதைக்கும் இதே எச்சரிக்கை.

எள்ளை வறுப்பதா, ஊறவைப்பதா?

ஃபைட்டிக் அமிலத்தைக் குறைக்க ஊறவைப்பதும் முளைகட்டுவதும் நல்லது. வறுப்பதால் அது கொஞ்சம்தான் குறையும், ஆனால் மணமும் மொறுமொறுப்பும் வரும், மென்று அரைபடும். எள் மாதிரிப் பொடி விதையில் அரைபடுவதுதான் முக்கியம். முழு எள் பல்லில் சிக்காமல் நழுவிவிட்டால் அதன் சத்தும் அதோடு போய்விடும்.

எள்ளுப்பொடிக்கு நான் செய்யும் விதம்: கறுப்பு எள்ளைத் தண்ணீரில் போட்டு, மண் அடியில் தங்கும்படி இரண்டு மூன்று முறை அரித்தெடுத்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். அடிகனமான வாணலியில் எண்ணெய் விடாமல் சிறுதீயில் போட்டு, கை விடாமல் கிளற வேண்டும். முதலில் ஒன்றிரண்டாகவும் பிறகு படபடவென்றும் வெடிக்கும். கறுப்பு எள்ளில் நிறம் மாறுவது தெரியாது. சத்தத்தையும் வாசனையையும்தான் நம்ப வேண்டும். வெடிப்பு அடங்கத் தொடங்கும்போது நாலைந்து எள்ளை விரலில் வைத்து நசுக்கினால் நொறுங்கிப் பொடியாகும். உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கசந்துவிடும். நன்றாக ஆறியபின் வறுத்த உளுந்து, மிளகாய், பெருங்காயம், கொஞ்சம் உப்போடு மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும்.

பழைய சோறு, தயிர்சாதம் என்றால் ஊறுகாய் இல்லாமல் இறங்காதே. என்ன செய்வது?

இதைத்தான் இந்தப் பக்கத்தில் நான் அதிகம் வற்புறுத்த விரும்புகிறேன். சாப்பாட்டில் ஊறுகாய் செய்யும் வேலை காரம், புளிப்பு, உப்பு மூன்றையும் ஒரே வாயில் கொடுப்பது. அதே வேலையை ஒரு எள்ளுத் துவையலும் வேர்க்கடலைத் துவையலும் செய்யும். துவையலில் உப்பு ஒரு சதவீதம் இரண்டு சதவீதம் போட்டாலே போதும், கெடாமல் காப்பதற்காகக் கூடுதலாகப் போட வேண்டிய அவசியமில்லை. அன்றே அரைத்து அன்றே தீர்ப்பது. ஒரு மேசைக்கரண்டி ஊறுகாய்க்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி துவையல் வைத்தாலும் உப்பு பாதிக்கும் கீழே போய்விடும். புரதமும் தாதுக்களும் கூடவே வரும்.

ஊறுகாயின் இன்னொரு விளைவையும் கவனித்துப் பாருங்கள். காரசாரமாக ஒரு துளி இருந்தால் கறியே இல்லாமல் ஒரு தட்டுச் சோறு இறங்கிவிடும். ஊறுகாயின் பெரிய நஷ்டம் அதன் உப்பைவிட, அது இருப்பதால் தட்டில் வராமல் போகும் பொரியலும் கூட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாரத்தில் சில நாட்களுக்கு ஊறுகாயும் மற்ற நாட்களுக்குத் துவையலும் என்று பிரித்துக்கொள்வது யாருக்கும் கஷ்டமில்லை.

கடுகு, வெந்தயம் எல்லாம் விதைதானே? ஊறுகாயில் அவை இருக்கின்றனவே?

இருக்கின்றன. ஆவக்காயில் கடுகுத்தூள் கணிசமாகவே உண்டு; ஊற்றுவதும் பெரும்பாலும் எள்ளிலிருந்து எடுத்த நல்லெண்ணெய். ஆனால் மேலே சொன்ன கணக்கில் 15 கிராம் ஊறுகாய்க்குக் கடுகு ஒரு கிராம் சொச்சம், வெந்தயம் கால் கிராமுக்கும் குறைவு. மணத்துக்கும் கெடாமல் இருப்பதற்கும் அது போதும். சத்துக் கணக்கில் வராது. எண்ணெயிலும் எள்ளின் கால்சியம், நார்ச்சத்து, புரதம் எதுவும் கிடையாது. அவையெல்லாம் செக்கில் பிண்ணாக்கோடு போய்விடும்.

விதைகள் சாப்பிட்டால் எடை கூடுமா?

அளவில்லாமல் சாப்பிட்டால் கூடும். 30 கிராமுக்கு 165 முதல் 175 கலோரி. டிவி பார்த்துக்கொண்டே ஒரு பாக்கெட் காலி செய்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கலோரி உள்ளே போயிருக்கும். பிஸ்கட், மிக்சருக்குப் பதிலாகச் சாப்பிட்டால் பிரச்சினையில்லை. எண்ணெயிலும் வெல்லப்பாகிலும் செய்தவை தனிக் கணக்கு. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ருசியில் அதற்கு இணை இல்லை, ஆனாலும் அதில் வெல்லம் வெல்லம்தான்.

உப்பு தூவிய வறுத்த விதைப் பாக்கெட்டுகளையும் பார்த்து வாங்குங்கள். விதையின் பெரிய நன்மையே அதில் சோடியம் இல்லாததுதான். மேலே உப்பும் மசாலாவும் தூவிவிட்டால் அந்த நன்மை போய்விடும்.

ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்?

ரத்த அழுத்தம் இருந்தால் ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு நான்கையும் அன்றாடப் பழக்கத்திலிருந்து எடுத்துவிடுவது நல்லது. உப்பில்லாத விதைகள் தாராளமாகச் சாப்பிடலாம். அவற்றிலுள்ள பொட்டாசியமும் மக்னீசியமும் அனுகூலமானவை.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நிலைமை மாறும். அவர்களுக்கு ஊறுகாயின் சோடியமும் ஆகாது. விதைகளின் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூட அளவோடுதான் இருக்க வேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அதில் ஊறுகாய் போட்டு இவர்களுக்குக் கொடுப்பது ஆபத்து. சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள் எள்ளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்காக எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மாத்திரை எடுப்பவர்கள், நாள்பட்டுப் புளித்த காய்களில் சேரும் டைரமின் என்ற பொருள் காரணமாக ரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம் என்பதால், மருத்துவரிடம் கேட்காமல் கிம்ச்சி வகைகளைச் சாப்பிட வேண்டாம்.

ஊறுகாய் சாப்பிட்டால் புற்றுநோய் வருமா?

இந்தப் பயத்துக்கு ஒரு மூலம் உண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1993-இல், சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் பாரம்பரியமாகப் புளிக்கவைக்கும் காய்களைப் '2பி' பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்ற பிரிவில் வைத்தது. அது ஆபத்தின் அளவைச் சொல்லும் பட்டியல் இல்லை. ஆதாரம் எவ்வளவு பலமானது என்பதைச் சொல்வது. நம் எண்ணெய் ஊறுகாய் செய்முறை வேறு. ஆனால் உப்பு மிகுந்த உணவை நாள் தவறாமல் நிறையச் சாப்பிடுவது இரைப்பைக்கு நல்லதில்லை என்பது எந்த ஊர் ஊறுகாய்க்கும் பொருந்தும்.

விதைப் பக்கத்திலும் ஒரு ஆபத்து உண்டு. ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகும். 1960-இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தபோது, அவற்றுக்குத் தீவனமாகப் போட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இதைக் கண்டுபிடித்தார்கள். இது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியானது. வறுத்தாலும் முழுதாக அழியாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வாயில் போட்டது கசந்தால் விழுங்காதீர்கள்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாமா?

ஐந்து வயதுக்குக் கீழே முழு வேர்க்கடலை, முழு விதைகள் கொடுக்கக்கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பொடித்தோ அரைத்தோ கொடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஊறுகாய் வேண்டவே வேண்டாம். வேர்க்கடலை, எள், கடுகு மூன்றுக்கும் சிலருக்கு ஒவ்வாமை வரும். அமெரிக்காவில் 2023 முதல் எள்ளை முக்கிய ஒவ்வாமைப் பொருளாகப் பாக்கெட்டில் குறிப்பிடுவது கட்டாயமாகியிருக்கிறது.

கர்ப்பிணிகள் எள் சாப்பிட்டால் கரு கலையும் என்று நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். சாப்பாட்டில் சேரும் அளவு எள் அப்படிச் செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மசக்கையில் ஊறுகாய் கேட்டால் ஒரு துண்டு கொடுங்கள். ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

உப்பைக் குறைத்து ஊறுகாய் போடலாமா?

வழக்கமான செய்முறையில் உப்பை மட்டும் பாதியாக்கிவிட்டு ஜாடியை வெளியில் வைக்காதீர்கள். கெடாமல் காக்கிற காவலே அதுதான். குறிப்பாகப் புளிப்புச் சேர்க்காத பூண்டு எண்ணெய்க்குள் காற்றில்லாமல் கிடந்தால் போட்டுலிசம் நச்சு உருவாகலாம். புளியோ எலுமிச்சையோ போதிய அளவு சேர்ந்து பி.எச். (புளிப்பை அளக்கும் எண்; புளிப்பு கூடக் கூட இது குறையும்) 4.6-க்குக் கீழே போனால்தான் பயமில்லை.

உப்பு குறைவாக வேண்டும் என்றால் வேறு வழியில் போங்கள். கேரட், முள்ளங்கி, காலிஃபிளவர் அரை கிலோ, தண்ணீர் அரை லிட்டர், இரண்டும் சேர்ந்த ஒரு கிலோவுக்கு 25 முதல் 30 கிராம் உப்பு. கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் போட்டு, காய் மேலே மிதக்காமல் ஒரு சின்னக் கிண்ணத்தைப் பாரமாக வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, புளிப்பு அதை அரிக்கும். இரண்டாம் நாள் குமிழ் கிளம்பும், தண்ணீர் கலங்கும், வாசனை இதமான புளிப்புக்கு மாறும். நம் வெயிலுக்கு நாலைந்து நாளில் தயாராகிவிடும், பிறகு ஃபிரிட்ஜில். மேலே மெல்லிய வெண்படலம் வந்தால் வழித்தெடுத்துவிடலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பில் பூசணம் தெரிந்தால் முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள். இந்தக் காயில் 30 கிராம் சாப்பிட்டாலும் உப்பு முக்கால் கிராமிலிருந்து 0.9 கிராம்வரைதான் சேரும்.

விதைகளை எப்படிச் சேமிப்பது?

விதையின் எதிரி வெளிச்சமும் சூடும் காற்றும். அதிலுள்ள கொழுப்பு காறிப்போகும். முழு எள், முழு ஆளி விதை காற்றுப்புகாத டப்பாவில் சில மாதங்கள் தாங்கும். பொடித்த ஆளி விதையை ஃபிரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். எள்ளுப்பொடியையும் மாதத்துக்கு ஒருமுறை புதிதாக அரையுங்கள். சூரியகாந்தி, பூசணி விதைகளைத் தோலுரித்து வாங்கினால் சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். டப்பாவைத் திறந்ததும் பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தாலோ, மென்றபின் தொண்டையில் காறலாக நின்றாலோ அதை வறுத்துச் சரிசெய்ய முடியாது, போட்டுவிட வேண்டும்.